வாயைத் திறவுங்கோ, சாமி

குழல்சாமி கப்பல்துறைக்கு வந்து எட்டு மாதம். ஊரில் நோய் வருத்தம் குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கியூ மட்டும் நீண்டுகொண்டே போனது. அது 2007ஆம் ஆண்டு, யுத்த காலம். செக்பொயின்றுக்குச் செக்பொயின்ற் பஸ்ஸை விட்டிறங்கி, பையைத் திறந்து காட்டி, சோற்றுப் பார்சலைப் பிரித்துக் காட்டி, கையைத் தூக்கித் தடவவிட்டு, அதற்குப் பிறகும் சனம் விடாமல் வந்தது. திருநீறு பூசிய நெற்றியும் தொப்பி போட்ட தலையும் சண்டையில்லாமல் ஒரே வரிசையில் நின்றன. சமாதானத்துக்காக யார் யாரோ எங்கெங்கோ பேசித் தோற்றுப்போன காலத்தில் சாமி அதை ஒரு பித்தளைக் குழலால் சாதித்துவிட்டார்.

தொழில் சுலபமானது. யாரோ சோற்றில் 'மருந்து' வைத்துக் கொடுத்ததால்தான் வயிற்று வருத்தம் வருகிறதாம். அது குடலில் ஒட்டிக்கொண்டு வளருமாம். சாமி குழலைத் தொப்புளில் வைத்து உறிஞ்சுவார். கண் பிதுங்கும். பிறகு தட்டத்தில் துப்புவார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று விழும்! வயிற்றில் ஓட்டையில்லை, ஒரு கீறல்கூட இல்லை. தோலைத் தாண்டி அது எப்படி வந்தது என்று கேட்டால் நீங்கள் சாமி நம்பிக்கை இல்லாத ஆள்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த வரிசையில் கமலேஸ்வரியும் நின்றாள். குற்றவாளியாக நின்றாள்.

அவள் புருஷன் இராசதுரை துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவர். வயது நாற்பத்துநான்கு. மூன்று மாதமாக மலத்தில் இரத்தம். அவருடைய தகப்பனும் தமையனும் இதே வருத்தத்தில், இதே வயதை ஒட்டிப் போனவர்கள். தங்கை பூரணி பயந்துபோய் அண்ணனைச் சாமியிடம் கூட்டிவந்தாள். இரண்டு தரம் உறிஞ்சி இரண்டு உருண்டை எடுத்தாயிற்று. இரத்தம் நிற்கவில்லை. சாமிக்கா காரணம் கிடைக்காது?

"மருந்து வைச்ச கை இன்னும் குசினிக்குள்ளதான் நிக்குது," என்றார். "அடுத்தமுறை பெண்சாதியையும் கூட்டிவாங்கோ. அதுவரைக்கும் கஞ்சித்தண்ணி மட்டும். பட்டினி போட்டா உள்ளுக்கிருக்கிறது செத்துப்போகும்."

கமலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பதினேழு வருசமாச் சமைச்சுப் போடுறன். கறியில உப்புக் கூடினாலே கோப்பையைத் தள்ளிவைக்கிற மனுசன். மயிர்க்கட்டியைப் பேசாமல் விழுங்கினவரோ?" என்று நாத்தனாரைக் கேட்டாள். பூரணி அன்றிலிருந்து அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை.

கமலேஸ்வரி நேரே டொக்டரிடம் போனாள். இராசதுரையின் தமையனைக் கடைசிவரை பார்த்த அதே டொக்டர். அவர் கதையைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அம்மா, உது குடும்பத்தில வாற வருத்தமா இருக்கலாம். உடம்பில ஒவ்வொரு செல்லும் தன்னைப் பிரதியெடுத்துத்தான் பெருகுது. எடுக்கேக்க வாற பிழையைத் திருத்திறதுக்கெண்டு மரபணு இருக்கு. சில குடும்பங்களில அந்தத் திருத்திற மரபணுவே பழுது. பிழை சேந்து சேந்து குடலில புற்று வைக்கும். உடனே குடலுக்குள்ள கமரா விட்டுப் பாக்கவேணும். கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதித்தாறன்."

டொக்டர் எழுதித்தந்த துண்டைப் பார்த்ததும் இராசதுரைக்கு முகம் சிவந்தது. "எதுக்குள்ளால கமரா விடுவாங்கள் எண்டு தெரியுமே உனக்கு? எனக்கு ஏலாது. மானம் போயிடும்!"

பாருங்கள் நியாயத்தை. முன்பக்கம் நூறுபேர் பார்க்கக் குழல் வைத்தால் அது பக்தி. பின்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு குழாய் விட்டால் மானக்கேடு. இந்த மானத்தால் செத்தவர்களைக் கணக்கெடுக்க ஆளில்லை.

கமலேஸ்வரி அழவில்லை. "சரி, நான் சாமியிட்ட வாறன்," என்றாள். "எல்லாருக்கும் முன்னால உருண்டை உண்மையெண்டு தெரிஞ்சா நான் வீட்டை விட்டுப் போறன். பொய்யெண்டு தெரிஞ்சா நீங்கள் கண்டிக்கு வரவேணும். ஓமோ?"

"ஓம்," என்றார் இராசதுரை. அவருக்கும் உள்ளே பயம்தான்.

அந்தச் சனிக்கிழமை அவர்களின் முறை வந்தது. இராசதுரை சட்டையைத் தூக்கிக்கொண்டு பாயில் படுத்தார். விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. சாமி குழலைக் கையில் எடுத்தார். கமலேஸ்வரி குறுக்கே போய் நின்றாள்.

"சாமி, ஓர்ஸ் ஹில் வீட்டில இருந்து இஞ்ச வாறதுக்குள்ள எங்களை மூண்டு இடத்தில செக் பண்ணிப்போட்டாங்கள். உங்களை ஒருத்தரும் செக் பண்ணேல்லை. வாயைத் திறவுங்கோ, சாமி."

கூட்டம் வாயடைத்துப் போனது. சாமியும்தான். அவர் ஒற்றை விரலை வானத்துக்குக் காட்டித் தலையை ஆட்டினார். வாயை மட்டும் திறக்கவில்லை.

"மச்சாள், தெய்வக் குற்றம்!" என்று பூரணி கத்தினாள்.

வரிசையில் நின்ற கிண்ணியா மீன் வியாபாரி லாபிர் முன்னுக்கு வந்தார். "தொறக்கிறதில என்ன குத்தம்? எண்ட புள்ளட பால் போத்தலயே மூடியக் கழட்டிப் பாத்தானுகள். நாங்க காட்டல்லயா? காட்டுங்க சாமி!"

செக்கிங்கில் பழுத்த சனம் அல்லவா? நியாயம் சட்டென்று விளங்கிவிட்டது. "ஓமோம், காட்டட்டும்!" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. சாமியின் குரல்வளை ஒருதரம் ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்குப் பிறகு வெற்றிப் புன்னகையோடு வாயைத் திறந்தார். காவிப் பல்லைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

பூரணி கைகூப்பினாள். கமலேஸ்வரி சாமியின் இடுப்பு மடியைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

"நல்லது சாமி. இப்ப எடுங்கோ. எடுத்து முடியுமட்டும் கை மடிக்குப் போகக்கூடாது."

சாமி உறிஞ்சினார். ஒன்றுமில்லை. இன்னொருதரம் உறிஞ்சினார். காற்றுத்தான் வந்தது. தொப்புள் சிவந்ததே தவிர, உருண்டை வரவில்லை. மூன்றாம் உறிஞ்சலில் சாமிக்குப் புரைக்கேறியது. இருமினார், ஓங்காளித்தார், குனிந்தார். சற்றுமுன் விழுங்கிய உருண்டை தட்டத்தில் வந்து விழுந்தது, காலையில் தின்ற இடியப்பத்தோடு!

"அல்லாவே! சாமிக்கு ஆரு மருந்து வெச்ச?" என்றார் லாபிர்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. லாபிர் சாமியின் மடியை உதறினார். இன்னும் நாலு உருண்டை, மெழுகுதிரி மெழுகில் சலூன் மயிர் பிசைந்து, அன்றைய வருத்தக்காரருக்காகத் தயாராக இருந்தன. சாமி குழலைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தார்.

இராசதுரை எழுந்து சட்டையை இறக்கினார். "கமலம், அந்தத் துண்டு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

கண்டியில் கமரா விட்டார்கள், கட்டி இருந்தது. குடலில் ஒரு துண்டோடு வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்ததாம். மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் வெட்டோடு முடிந்திருக்கும். இனி ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும், பிழைக்க இடமிருக்கிறது என்றார்கள்.

"பட்டினி கிடந்தனே, அதில கட்டி சுருங்கேல்லையோ?" என்று இராசதுரை அங்கிருந்த டொக்டரைக் கேட்டார்.

"செல் எல்லாம் தன்ர பழசு பட்டதை உடைச்சுத் திருப்பிப் பாவிக்கும். நல்ல உடம்பில அது துப்பரவு வேலை. புற்று வந்தாப்பிறகு அந்த வேலையைப் புற்றே தனக்கு எடுத்துக்கொள்ளும், சாப்பாடு இல்லாட்டியும் அதில சீவிக்கும். பட்டினியில மெலிஞ்சது நீங்கள்."

இராசதுரைக்கு அது உடனே பிடிபட்டது. பொருள் தடை வந்து உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் அவரும் செத்த எஞ்சினைக் கழற்றித்தானே ஓடுகிற எஞ்சினை ஓட்டியவர். "நாங்கள் செய்த வேலையை அதுவும் செய்திருக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று மாதத்தை நினைத்து அழுதார்.

அதே இரத்தம் என்பதால் பூரணியையும் சோதிக்கச் சொன்னார்கள். அவளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனவள் கமலேஸ்வரி. உள்ளே இரண்டு சின்னக் கட்டிகள் இருந்தன, இன்னும் புற்றாகாதவை. அன்றே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் கமலேஸ்வரி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். பூரணி வாங்கிக் குடித்தாள்.

குழல்சாமி இப்போது புல்மோட்டைப் பக்கம் இருக்கிறாராம். புதுக் குழலாம், கியூ இன்னும் நீளமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். வழியெல்லாம் பையையும் பார்சலையும் திறந்து காட்டிக்கொண்டுதானே போகப்போகிறீர்கள்? போய்ச் சேர்ந்ததும் அவரையும் ஒருதரம் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு வாய் வராவிட்டால் குறை வயிற்றில் இல்லை, தலையில்தான். அதை எந்தக் குழலாலும் உறிஞ்சி எடுக்க ஏலாது.