சூட்டுப் பக்கம்

மனைவிக்குப் பல்லி என்றால் பயம் என்பதை ஒருவர் கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து ஆயுதமாகக் கையில் எடுக்கிறார் என்றால், அவரிடம் வேறு ஆயுதம் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். தனெமுரா கென்சாகுவிடம் மிச்சமில்லை.

ஜப்பானின் வடக்கே மோரியோகா நகரின் குடிநீர்க் குழாய்கள் குளிரில் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருந்து, அந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கணவர்களை அந்த ஊர்ப் பெண்கள் ஈரச் சருகு என்பார்கள். செருப்பில் ஒட்டினால் உதறினாலும் போகாது. மனைவி கடைக்குக் கிளம்பினால், "நானும் வரட்டுமா?" என்று கூடவே கிளம்பும். ஒரு நாள் மனைவி சயோகோ போனில் யாரிடமோ, "எங்க வீட்லயும் ஒண்ணு ஒட்டியிருக்கு, கொஞ்சம் பெரிய சைஸ்" என்று சொல்லிச் சிரித்தது தனெமுராவின் காதில் விழுந்தது. அன்றே முடிவு செய்தார். தனக்கென்று ஓர் அறை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவும் பேப்பருமாக, யார் செருப்பிலும் ஒட்டாமல் கிடக்க வேண்டும்.

அறை இருந்தது. மகள் சிஹோ கல்யாணமாகி செண்டாய்க்குப் போனபின் தெற்குப் பார்த்த, எட்டுப் பாய் விரிக்கும் அளவுள்ள அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அதன்மேல் சயோகோவுக்கும் ஒரு கண்.

"அந்த ரூமை எங்களுக்குக் குடுங்களேன். நாங்க அஞ்சாறு பேர் ஹுலா கத்துக்கிறோம், அந்த ஹவாய்த் தீவு டான்ஸ். ஆடிப் பழக இடமில்ல."

"ஹுலாவா? மோரியோகாவுலயா? இந்த ஊர்ப் பனியில இடுப்பை ஆட்டினா ஒடிஞ்சு கையோட வந்துடும்."

"அதனாலதான் கணப்பு வெச்ச ரூமா கேக்கறேன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு கணப்புதான். எங்கப்பா காலத்துச் சட்டம்."

"உங்கப்பா கணப்புகிட்ட உக்காந்து சட்டம் போட்டார். உங்கம்மா அடுப்படியில நின்னு விறைச்சுப் போனாங்க."

"அது வேற காலம்."

"ஆமா. இப்ப அடுப்படியில நான் நிக்கறேன்."

தனெமுரா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பேப்பருக்குப் பின்னால் இருந்தபடி யோசித்தார். வாதம் செய்து சயோகோவை ஜெயித்ததாகக் குடும்ப வரலாற்றில் இல்லை. அவளாகவே அந்த அறைக்குள் கால் வைக்க மறுத்தால்தான் உண்டு.

மறுவாரம் ஆற்றங்கரைத் தெருவில் ஊர்வன விற்கும் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாய், கரும்புள்ளியோடு, தடித்த வாலோடு இரண்டு கிடந்தன. தனெமுரா நின்றுவிட்டார். கடைக்காரி நுமாஜிரி, கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவள்.

"இது பல்லிதானே?" என்றார் ஆசையாக.

"பல்லியில்லீங்க. பேர்லயே மொதொகி, 'மாதிரி'ன்னு வருது பாருங்க. பல்லி மாதிரி, ஆனா பல்லியில்ல. பல்லிக்கு இமை கிடையாது, இதுக்கு உண்டு. பல்லி சுவர்ல ஏறும், இது ஏறாது."

"பாக்கப் பயமா இருக்குமா?"

"இருக்கவே இருக்காது. சிரிச்ச முகம்."

"கொஞ்சம்கூடவா?" தனெமுராவின் முகம் வாடியது. "பொம்பளைங்களுக்குக்கூடவா?"

"நானே பொம்பளைதாங்க."

இருந்தாலும் வாங்கினார். இரண்டும் பெண், அக்கா தங்கை. வீட்டுக்கு வந்ததும் கடைக்காரி சொன்ன 'மாதிரி'யை மட்டும் வழியில் தொலைத்துவிட்டார்.

"என்னங்க அது பெட்டியில?"

"பல்லி. ரெண்டு."

சயோகோ நாற்காலிமேல் ஏறினாள். அவ்வளவு வேகமாக அவள் எதிலும் ஏறி அவர் பார்த்ததில்லை. "அது இருக்கற ரூமுக்குள்ள நான் செத்தாலும் வரமாட்டேன்!"

"வரவேண்டாம், வரவேண்டாம்" என்றார் தனெமுரா. ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்து கொடுத்தபோதுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

கண்ணாடித் தொட்டியை அவரே அமைத்தார். முதலில் ஒரு பாலைவனம் செய்தார். பொடி மணல், பிளாஸ்டிக் கள்ளிச்செடி, ஒரு மாட்டு மண்டை ஓடு. அதுவும் பிளாஸ்டிக்தான். படம் எடுத்து அனுப்பியதும் நுமாஜிரி போனில் கத்தினாள். "மணலை எடுங்க! புழுவோட சேத்து முழுங்கிட்டா வயித்துல அடைச்சுக்கும். சமையலறைக் காகிதம் விரிங்க போதும்." பாலைவனம் ஒரே நாளில் சமையலறையாயிற்று. அடுத்து, அடியில் போடும் சூட்டுப் பாயைத் தொட்டி முழுக்க விரித்தார். அதுவும் தப்பு. மூன்றில் ஒரு பங்குதான் சூடு இருக்கவேண்டும். வெந்தது போதும் என்றால் விலகிப் போக இடம் வேண்டும். சூட்டுப் பக்கம் ஒளிய ஒரு குகை, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவே ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்று. தோல் உரிக்கும்போது அதற்குள் போய்விடுமாம்.

குழாய் வேலை பார்த்த கைகள். தெர்மோஸ்டாட் ஒயரைச் சுவரோரம் நூல் பிடித்த மாதிரி இழுத்தார். இரண்டு முனையிலும் வெப்பமானி ஒட்டினார். பெரியதற்கு வால்வு என்றும் சின்னதற்குப் பம்பு என்றும் பெயர் வைத்தார். சாயங்காலம் இருட்டியதும் இரண்டும் வெளியே வந்து, இமையை மெல்ல மூடித் திறந்து அவரைப் பார்க்கும். அப்படி ஒருவர் தன்னைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்குத் தோன்றும். ரேடியோவைப் போட மறந்துவிடுவார்.

சயோகோ சொன்ன சொல் தவறவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். ஆனால் நின்றாள்.

"அந்த ஓரத்துல ஏன் சூடு வெக்கல?"

"சூடும் வேணும், குளிர்ச்சியும் வேணும். எங்க படுக்கறதுன்னு அதுவா முடிவு பண்ணிக்கும். அதுக்கும் விருப்பம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஆமாமா" என்றாள் சயோகோ. "பல்லிக்கு இருக்கத்தானே செய்யும்."

முதல் பனி விழுந்தது. அறைக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. தனெமுரா கம்பளிக்குள் புகுந்து, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கௌரவத்தோடு பேப்பர் படித்தார். வால்வு சூட்டுப் பாயைவிட்டு அசையவில்லை. பம்பு சாப்பிடுவதை நிறுத்தியது. வால்தான் அதற்குச் சேமிப்புக் கிடங்கு. அந்த வால் நாளுக்கு நாள் பென்சிலாகிக்கொண்டு வந்தது. புழுவை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சாகப்போகுதா?" என்றாள் சயோகோ, படிக்கு வெளியிலிருந்து.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார். புழுவை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

"நானும் வரட்டுமா?"

கேட்டது சயோகோ. தனெமுராவுக்குத் திகைப்பாக இருந்தது. பம்பைத் துணிப்பையில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பஸ்ஸில் சயோகோ ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்து வந்தாள்.

நுமாஜிரி பம்பைத் தராசில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அடிப்பாய் வயித்தைத்தாங்க சுடும். காத்து ஐஸா இருந்தா மூச்சு எப்படி விடும்? நம்ம ஊர்க் குளிருக்கு ரூமையே சூடா வெக்கணும். ராத்திரி பகல் நிறுத்தாம."

"நிறுத்தாமலா?"

"அப்புறம், ரெண்டையும் பிரிச்சு வையுங்க."

"ஏன்? சண்டையே போடறதில்லையே. அமைதியாத்தான் கிடக்கு."

"சண்டை போடாதுங்க. பலமானது சூட்டுப் பக்கத்தைப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு சத்தமில்லாம குளிர்ப் பக்கம் ஒதுங்கிடும். வெளியேர்ந்து பாக்கறவங்க, அடடா என்ன ஒத்துமைம்பாங்க. அது பாட்டுக்கு இளைச்சுக்கிட்டே போகும்."

கதவோரம் நின்றிருந்த சயோகோ, கழுத்துத் துண்டைச் சரி செய்துகொண்டு கேட்டாள். "அப்படி எத்தனை வருஷம் தாங்கும்?"

"அது ஒவ்வொண்ணோட பொறுமையைப் பொறுத்ததுங்க."

"ஓஹோ" என்றாள் சயோகோ. நீளமான ஓஹோ.

திரும்பும் வழியில் தனெமுராதான் பேச்சை எடுத்தார். "இன்னொரு மண்ணெண்ணெய்க் கணப்பு வாங்கிடலாமா?"

"உங்க இஷ்டம். அந்தப் புகை சின்ன ஜீவனுக்கு ஆகுமா என்னன்னு எனக்கென்ன தெரியும்?"

"ஆகாதோ?"

"எனக்குத் தெரியாதுப்பா. பல்லியைப் பத்தி நான் என்னத்தைக் கண்டேன்?"

பஸ் நான்கு நிறுத்தம் போனது. "ஏசி வெச்சா?" என்றார் தனெமுரா. "சூடு தர்ற ஏசி. புகை கிடையாது."

"உங்களுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ" என்றாள் சயோகோ.

ஏசி வந்தது. இன்னொரு தொட்டியும் வந்தது. ஒரு வாரத்தில் பம்பு புழுவைக் கவ்வியது. தனெமுரா சத்தம் போட்டுக் கூப்பிட, சயோகோ ஓடி வந்து வாசற்படியில் நின்று கைதட்டினாள். எட்டுப் பாய் அறை ஏப்ரல் மாதம் போலிருந்தது. கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பேப்பர் படித்தார். ஜெயித்துவிட்டார்.

மறுநாள் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், கணப்பு அணைந்திருந்தது. மெத்தை போர்த்திய சூட்டு மேசையைக் காணவில்லை. கொதாட்சு இல்லாத கூடம் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது.

"சயோகோ! கொதாட்சு எங்க?"

"இங்க இருக்கு" என்று குரல் வந்தது. எட்டுப் பாய் அறையிலிருந்து.

அறையின் நடுவில் மேசை. மேசையில் தேநீர், ஆரஞ்சுப் பழம், பின்னல் பை. மேசைக்குப் பின்னால் சயோகோ, வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் சௌகரியமாக.

"கூடத்துக் கணப்பை ஏன் அணைச்சே?"

"ஒரு வீட்டுக்கு ஒரு கணப்புதானே? உங்கப்பா காலத்துச் சட்டம்."

"உனக்கு... பல்லி பயமாச்சே?"

"பல்லிக்குத்தான் பயம். இது பல்லி மாதிரின்னு அந்தக் கடைக்காரம்மா பலகையிலயே எழுதி வெச்சிருக்காங்களே. ஏங்க, உங்க கூட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு ஒரு 'மாதிரி'யைக் கண்டா பயமா வரும்?"

வியாழக்கிழமை ஹுலாக்காரிகள் வந்தார்கள். ஆறு பேர், பனிக்கோட்டைக் கழற்றினால் உள்ளே பூப்போட்ட பாவாடை. தனெமுராவுக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. அவர்களில் ஒருத்தியாவது அலறுவாள். பக்கத்து வீட்டு ஒகினோமே அம்மாள் தொட்டிக்கு முன்னால் குனிந்தாள்.

"ஐயோ, கண்ணடிக்குது பாருங்கடி! எங்க வீட்டுக்காரர் கல்யாணமானதுலேர்ந்து ஒரு தடவை கண்ணடிச்சதில்ல."

"உங்க வீட்டுக்காரருக்கு இமை இருக்கா?"

"தூங்கறப்ப மூடுது. இருக்கும்."

தனெமுரா கூடத்துக்கு வந்து கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிடார் சத்தம் கேட்டது. இடையிடையே சிரிப்பு. சயோகோவின் சிரிப்பை அவர் தனியாகப் பிரித்துக் கேட்டார். அது அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

கொதாட்சு இருந்த இடத்தில் பாய் மட்டும் வெளிறாமல் சதுரமாகத் தெரிந்தது. தன் வழக்கமான இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். கணப்புக்கு அருகில், சுவரில் சாய்ந்து. சும்மா இருக்கமாட்டாமல் எழுந்து, எதிர்ப் பக்கம் சயோகோ உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். முதுகுக்குப் பின்னால் சமையலறைக் கதவு. கதவின் அடியிலிருந்து ஒரு காற்று இடுப்பில் வந்து குத்தியது. குழாய் வேலை பார்த்தவர். எங்கே ஒழுகுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவர். இந்த ஒழுகலை அவர் கண்டுபிடிக்கவில்லை. இதற்குப் பக்கத்தில், ஆரஞ்சு உரித்துத் தரச் சொல்லிக்கொண்டு, அத்தனை குளிர்காலம் உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தவர்கள் என்ன ஒற்றுமை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அங்கேயே உட்கார்ந்து முதுகில் காற்று வாங்கியபடி வெகுநேரம் யோசித்தார். யோசித்து முடித்தபோது அவருக்கு மனசு விசாலமாகியிருந்தது. பூப்போட்ட பாவாடைகள் எல்லாம் போனபின் எட்டுப் பாய் அறைக்குப் போனார். சயோகோ விளக்குமாறோடு நின்றிருந்தாள். தனெமுரா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற விழாவில் பேசியது போலவே பேசினார்.

"சயோகோ. நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். இந்த ரூம் இனிமே உனக்கு. எனக்கு வேண்டாம். நான் மனசாரத் தரேன்."

சயோகோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் உண்மையாகவே ஓர் ஈரம் வந்தது. அவர் அதைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷங்க" என்றாள் அவள். "ஹுலா டீச்சர் இனிமே கிளாஸையே இங்க வெச்சுக்கறேன்னுட்டாங்க. வாசல்ல மாட்ட போர்டுகூட எழுதியாச்சு."

"இன்னைக்கா?"

"இல்ல, ஏசிக்காரன் மாட்ட வந்தானே, அதுக்கு முந்தின வாரம். கொஞ்சம் நகருங்க, கூட்டணும்."

தனெமுரா நகர்ந்தார்.