பாத்திரம் காலியாகப் போகக் கூடாது

"மறுபடியும் பரங்கிக்காயா?"

மைதிலி தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா, பஸ் கரோ. முஜே நஹீ சாஹியே."

போதும், எனக்கு வேண்டாம் என்று நாலாம் வகுப்புப் பெண் ஹிந்தியில் கோபித்துக்கொண்டால் அது நிஜக் கோபம். வேங்கடசுப்ரமணியன் உதவி கேட்கிற மாதிரி மனைவியைப் பார்த்தார். ஷ்யாமளா மோரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் பார்க்கறேள்? மார்க்கெட் போறது நீங்க. வாங்கிண்டு வந்ததைச் சமைக்கிறது மட்டும்தான் இந்த வாரம் என் வேலை. திங்கட்கிழமை சாம்பார், செவ்வாய்க்கிழமை கூட்டு, இன்னிக்குப் புளிக்குழம்பு. அதுக்கு மேலே அந்தக் காயை என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலே."

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் வந்த வினை. மளிகை, காய்கறி, பால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரம் முப்பது ரூபாய் கட்டுப்படி ஆகவில்லை, முப்பத்தைந்தாகக் கொடுங்கள் என்று ஷ்யாமளா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதர் கோட்டைப் பகுதியில் தன் ஆபீசுக்குப் பக்கத்துக் கடை ஜன்னலில் ஒரு டிரான்சிஸ்டரைப் பார்த்து மயங்கிப்போயிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தினமும் அதன் முன்னால் போய் நிற்பார். கிரிக்கெட் காமெண்டரியைத் தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காப்பி குடித்துக்கொண்டு கேட்க வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு ஆசை கிடையாது.

"முப்பத்தஞ்சா? இருபத்தஞ்சுலே நான் நடத்திக் காட்டறேன் பார்!"

சொன்ன வாய் மூடுவதற்குள் ஷ்யாமளா இருபத்தைந்து ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்துவிட்டாள்.

"சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் இதுலே ஓட்டுங்கோ. ஓட்டிட்டேள்னா, ஜாஸ்தி வேணும்னு இனிமே வாயே திறக்கமாட்டேன். டிரான்சிஸ்டரை வாங்கிக்கோங்கோ. ஓட்டலேன்னா முப்பத்தஞ்சு ரூபா. டிரான்சிஸ்டர் பேச்சையே எடுக்கப்படாது."

திங்கட்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தவர் கண்ணில் பட்டது அந்தப் பரங்கிக்காய். கடைக்காரன் மூட்டை கட்டும் நேரம். ஒரே ஒரு காய்தான் மிச்சம். பைக்குள் நுழையாத காய்.

"சாப், ஏக் ருப்யா. லேகே ஜாவ்."

ஒரு வாரத்துக் காய் ஒரு ரூபாயில்! இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை வருஷமாக இந்தப் பெண்களுக்குத் தோன்றவில்லையே என்று வியந்தபடி, ஆபீஸ் சட்டை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பரங்கிக்காய் கிடைத்த சந்தோஷத்தில் பாக்கி சாமான்களைப் பேரம் பேசாமல் வாங்கினார். அதனால்தான் புதன்கிழமையே பாதிப் பணம் போயிருந்தது.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு அகிலாண்டம் மாமி ஒரு கிண்ணம் நிறைய அவியல் கொடுத்தனுப்பினாள். மைதிலி வழித்துச் சாப்பிட்டாள்.

"கிண்ணத்தை அலம்பிக் கொடுத்துடு" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

ஷ்யாமளா பதறிப்போனாள். "காலிப் பாத்திரத்தையா? நன்னாயிருக்கு! இந்த பில்டிங்குக்கு வந்து நாலு மாசம்தான் ஆறது, அதுக்குள்ள என் மானத்தை வாங்கணுமா? ஒருத்தராத்துப் பாத்திரம் வந்தா, ஏதாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுக்கணும்."

"எல்லாருமா அப்படிப் பண்றா?"

"பின்னே? காலியா அனுப்பினா ஊர் சிரிக்கும்."

அவர் கண்கள் பளிச்சென்று மின்னின. நம் வீட்டுப் பாத்திரம் ஒன்றில் பரங்கிக்காயைப் போட்டு அனுப்பினால், அந்தப் பாத்திரமும் காலியாகத் திரும்பி வரக் கூடாதல்லவா! ஆஹா, என்ன அருமையான வழக்கம்! இதைக் கண்டுபிடித்த மகானுக்குக் கோயில் கட்டலாம்.

அரை மணியில் பரங்கிக்காய்க் கூட்டு மூன்று பாத்திரங்களில் தயாரானது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டால் மூடி, தானே எடுத்துப் போனார். ஒன்று, மாமியின் கிண்ணத்தில் கொஞ்சம் போட்டதோடு சேர்த்து, அகிலாண்டம் மாமிக்கு. ஒன்று பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாளுக்கு. ஒன்று மாடியில் ஜகந்நாதன் வீட்டுக்கு.

"அடடா, நீங்களே கொண்டுவந்தேளா?" என்று பார்வதியம்மாள் சிரித்தாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஜம்பு தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்குள் மூன்று பாத்திரமும் திரும்பின. ஒன்றில் பருப்புசிலி, ஒன்றில் மோர்க்குழம்பு, ஒன்றில் சேமியா பாயசம்!

"பரங்கிக்காயைக் கொடுத்துப் பாயசம் வாங்கியிருக்கேன். இதுக்குப் பேர்தான் மூளை" என்றார் அவர், விரலை நக்கிக்கொண்டே.

"என்ன இருந்தாலும் ஆம்பளை மூளையாச்சே" என்றாள் ஷ்யாமளா.

வியாழக்கிழமைதான் வினை ஆரம்பித்தது. வாங்கினவர்களும் சும்மா இருக்கவில்லை. காலையில் பார்வதியம்மாள் தன் வீட்டுத் தூக்கில் அடை அனுப்பினாள். மத்தியானம் மாடி வீட்டிலிருந்து வெண்கல உருளியில் எலுமிச்சம்பழ சாதம் வந்தது. சாயங்காலம் அகிலாண்டம் மாமி எவர்சில்வர் டப்பாவில் தேங்காய் பர்பி அனுப்பினாள். ஆபீசிலிருந்து வந்தவர் சமையலறையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். மேடை முழுக்க ஊரார் பாத்திரம். பரங்கிக்காயோ தீர்ந்துபோயிருந்தது.

"ஷ்யாமளா, இதெல்லாத்தையும் எதைப் போட்டுத் திருப்பறது?"

"நீங்கதான் சொல்லணும். ரவா கேசரி பண்ணிடலாம். சர்க்கரை வேணும், நெய் வேணும், முந்திரி வேணும்."

"முந்திரி எதுக்கு?"

"முந்திரி இல்லாத கேசரியை ஒருத்தராத்துக்கு அனுப்பறதாவது!"

ரேஷனில் சர்க்கரையை அளந்து அளந்து கொடுக்கிற காலம். வெளியே வாங்கினால் கேட்ட விலை. நெய்க்காரர் தராசில் வைத்த எடைக்கல் ஒவ்வொன்றும் வேங்கடசுப்ரமணியன் நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. கேசரியில் பாதி பார்வதியம்மாளின் தூக்கில் போயிற்று, பாதி மாடிக்குப் போயிற்று. உடனே மாடியிலிருந்து வடை வந்தது, இன்னொரு பாத்திரத்தில்.

"ஐயோ, இவா நிறுத்தவே மாட்டாளா?" என்று அலறினார்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப்பையில் சில்லறைதான் ஆடியது. அகிலாண்டம் மாமியின் டப்பாவை எப்படியாவது நிரப்ப வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு யுக்தி பிடிபட்டது. ஒரு வீட்டுப் பலகாரத்தை இன்னொரு வீட்டுப் பாத்திரத்தில் போட்டு அனுப்பிவிட்டால் செலவே இல்லை! மாடி வடையை எதிர் வீட்டுக்கு, எதிர் வீட்டு பர்பியை மாடிக்கு. அவசர அவசரமாக இரண்டையும் தட்டுகளில் கொட்டி மறுபடி நிரப்பி, மாடிப் பாத்திரத்தை மைதிலியிடம் கொடுத்தனுப்பினார். டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஷ்யாமளா பண்ணினது, மாமி. சாப்பிட்டுப் பார்த்துட்டு எப்படியிருக்குன்னு சொல்லணும்."

அகிலாண்டம் மாமி டப்பாவைத் திறந்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது வடை இல்லை. மாமியின் பர்பி, மாமியின் டப்பாவிலேயே, ஓரத்தில் லேசாகக் கறுத்திருந்த அந்தத் துண்டு உள்பட. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் வடையை மாடிக்கு அனுப்பி, மாடிக்காரர்களுக்கே அவர்கள் வடையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மாமி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"பேஷ்! ஏலக்காய்கூட நான் போடற அளவே போட்டிருக்காளே, ஷ்யாமளா!"

"ஹி... ஹி... உங்களைப் பார்த்துத்தான் கத்துண்டா."

"இருங்கோ, இத்தனை நன்னா பண்ணினவாளுக்கு வெறுங்கையோடயா அனுப்பறது?" என்று உள்ளே போய் ஒரு சம்புடம் நிறைய நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து கொடுத்தாள் மாமி.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டபடி அவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். மாமிக்குத் தன் கைப் பக்குவமே தெரியவில்லையே, பாவம், வயசாகிவிட்டது என்று ரயிலில் அவளுக்காக இரக்கப்பட்டார். எதிர் சீட்டில் ஜம்பு அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த மனுஷனுக்கு ஏதோ நல்ல சேதி போலிருக்கிறது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். இனி ஒரு வேளைச் சாப்பாடுதான் பாக்கி. ராத்திரியை மோர் சாதத்தில் தள்ளிவிட்டால் டிரான்சிஸ்டர் கையில். விசில் அடித்துக்கொண்டு படியேறியவர், வாசலில் கிடந்த ஐந்து ஜோடிச் செருப்பைப் பார்த்து விசிலை நிறுத்தினார்.

"வாடா வெங்கிட்டு!" என்று செம்பூர் அத்திம்பேரின் குரல் உள்ளிருந்து கேட்டது. அக்கா, மூன்று குழந்தைகள், எல்லாரும் வந்திருந்தார்கள். "ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் போறதா உத்தேசம். காலம்பரத்திலேர்ந்து வயத்தைக் காலியா வெச்சிருக்கேன்!"

அத்திம்பேர் பொய் சொல்கிறவர் இல்லை. கல்யாண வீடுகளில் அவருக்கென்று தனியாக ஒருத்தரை நிறுத்திப் பரிமாறச் சொல்வார்கள்.

வேங்கடசுப்ரமணியன் சமையலறைக்குள் போய்ப் பையை உதறினார். ஒரு ரூபாய். ஒரே ஒரு ரூபாய். டிரான்சிஸ்டர் கடை ஜன்னலுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த வாரம் பரங்கிக்காய் தூக்கினதும், பாத்திரம் சுமந்ததும், மாமியிடம் அசடு வழிந்ததும் எல்லாம் வீண். அழுகையே வந்துவிட்டது.

"ஷ்யாமளா, நான்..."

தோத்துட்டேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பார்வதியம்மாள் ஒரு அடுக்கு நிறைய முருங்கைக்காய் சாம்பாரோடு நின்றாள். "இன்னிக்குக் கொஞ்சம் கூடப் போயிடுத்து, ஷ்யாமளா. வீணாக்குவானேன்னு கொண்டுவந்தேன்." அவள் போவதற்குள் அகிலாண்டம் மாமி. "எங்காத்துலே யாருக்கும் பசியில்லையாம்" என்று உருளைக்கிழங்குப் பொடிமாஸும் பால் பாயசமும். அதற்குள் மாடியிலிருந்து ஒரு தவலை நிறையச் சாதமும் அப்பளமும் இறங்கி வந்தன.

அத்திம்பேர் மூன்று தரம் சாம்பார் விட்டுக்கொண்டார். பாயசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். "வெங்கிட்டு, உங்காத்துச் சாப்பாடுன்னா சாப்பாடுதாண்டா!" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு செம்பூருக்குப் புறப்பட்டார்.

கதவைச் சாத்தியதும் வேங்கடசுப்ரமணியன் அந்த ஒரு ரூபாயை மேஜை மேல் டக்கென்று வைத்தார்.

"இருபத்தஞ்சுலே ஒரு ரூபா மிச்சம். என்ன சொல்றே?"

ஷ்யாமளா கையெடுத்துக் கும்பிட்டாள். "தோத்துட்டேன். ஒத்துக்கறேன். டிரான்சிஸ்டரை வாங்கிக்கோங்கோ. இந்தச் சாமர்த்தியம் எனக்குச் சத்தியமா வராது. இத்தனை கெட்டிக்காரரை ஆத்துலே வெச்சுண்டு நான் மார்க்கெட்டுக்குப் போனா நாலு பேர் சிரிப்பா. இனிமே மார்க்கெட், மளிகை, ரேஷன் எல்லாம் உங்க கையிலேயே இருக்கட்டும்."

"அதுக்கென்ன, நான் பார்த்துக்கறேன்!" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அன்று ராத்திரி கனவில் காமெண்டரி கேட்டபடி ஆனந்தமாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்குக் கண் விழிப்பது அவர் வழக்கம். இந்த ஞாயிறு இருட்டுப் பிரிவதற்குள் யாரோ தோளை உலுக்கினார்கள்.

"எழுந்திருங்கோ. இப்போ போனாத்தான் நல்ல காயாக் கிடைக்கும்" என்று இரண்டு பையையும் எண்ணெய்த் தூக்கையும் கையில் கொடுத்துவிட்டு, ஷ்யாமளா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

கொட்டாவி விட்டுக்கொண்டே மார்க்கெட்டுக்குள் நுழைந்தவர் திகைத்து நின்றார். மாடி வீட்டு ஜகந்நாதன் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிச் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அகிலாண்டம் மாமியின் கணவர் வாழைத்தண்டைத் தோளில் சாத்திக்கொண்டு ரேஷன் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கைக்கு ஒரு பையோடு ஜம்பு கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், மொத்த பில்டிங்கும் இங்கேதான் இருக்கு!" என்றார் வேங்கடசுப்ரமணியன். பெருமை பொங்கியது. "எல்லாரும் ஆம்படையா கிட்டே பந்தயம் கட்டித் தோத்துட்டேளா? நான் ஜெயிச்சுட்டேன், தெரியுமோ?"

ஜம்பு ஒரு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தோக்கறதாவது! இங்கே பையைத் தூக்கிண்டு நிக்கறவா அத்தனை பேருமே ஜெயிச்சவாதான், ஓய். போன மாசம் என்னை ஜெயிக்க வெச்சதே உம்மாத்துலேர்ந்து வந்த வத்தக்குழம்புதானே!"