எருமைக்கு எதுக்குப் பூப்போட்ட குடை?

ஒரு காட்டில் ஓர் எருமை குடை வாங்கியது. இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் மூன்று நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எருமையின் பேர் பொன்னுத்தாய். புயலில் அவள் கொட்டகைக் கூரை பறந்துவிட்டது. பிறந்து பத்தே நாளான கன்று நனைந்து நனைந்து இருமிக்கொண்டிருந்தது. நிவாரணமாகத் தகர ஷீட் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு எழுதிப் போட்டாள். திரும்பி வரும் வழியில் சந்தையில் அந்தக் குடையைப் பார்த்தாள். மஞ்சள் குடை, ஓரமெல்லாம் சிவப்புப் பூ. பால் விற்ற காசு கையில் இருந்தது, வாங்கிவிட்டாள். ஏன் வாங்கினாளா? பிடித்திருந்தது, வாங்கினாள். உங்களுக்கென்ன போச்சு?

முதலில் பார்த்தவர் பக்கத்துக் குளத்துக் கொக்கு. ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறவர். நடுவே மீன் வந்தால் தவத்துக்கு இடைவேளை.

"எருமை மேல மழை பேஞ்சா அதுக்கே தெரியாதும்பாங்க. உனக்கு எதுக்கும்மா குடை? அதுவும் பூப்போட்டது! அந்தக் காசுல கூரை போட்டிருக்கலாம்ல?"

"அந்தக் காசுக்குக் கூரைக்கு அடிக்கிற ஆணிதாங்க வரும்."

"அப்ப ஆணியாவது வாங்கி வச்சிருக்கலாம்ல!"

இதே கொக்கு, மரக்கடை முதலாளி யானை திருவேங்கடம் வெந்நீர் வருகிற நீச்சல்குளம் கட்டியபோது, "உழைச்சவரு, அனுபவிக்கிறாரு" என்று கண் கலங்கியவர். சரி, அதை விடுங்கள்.

மறுநாள் நிவாரண ஆபீசிலிருந்து கீரி விசாரணைக்கு வந்தார். பறந்துபோன கூரையைப் பார்க்கவில்லை. இருமுகிற கன்றையும் பார்க்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த குடையைத்தான் பார்த்தார்.

"பூப்போட்ட குடை வாங்க வக்கிருக்கு, ஷீட்டுக்கு மட்டும் மனுவா?"

பேனா மூடியைத் திறந்தார். மனுவை அடிக்கப்போகிறார் என்று பொன்னுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. இன்னொரு மழையைக் கன்று தாங்காது.

"ஐயா, நான் எங்கய்யா வாங்கினேன்? யானை முதலாளி தானமாக் குடுத்தாரு."

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். ஆனாலும் அது கனகச்சிதமாக வந்து விழுந்தது.

கீரியின் முகம் மலர்ந்தது. "அடடே, இதை முதல்லயே சொல்லக்கூடாதா? பாவம், இல்லாதப்பட்டவ!" நாலு ஷீட் என்றிருந்ததை எட்டு ஷீட் என்று திருத்தினார். எட்டிப் பார்த்த கொக்குக்கும் மனசு இளகிவிட்டது. "பூ எவ்வளவு லட்சணமா இருக்கும்மா! உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கு."

விஷயம் யானையின் காதுக்குப் போனது. அவ்வளவு பெரிய காதுக்குப் போகாமல் இருக்குமா? பொய் வெளிப்பட்டுவிடும் என்று பொன்னுத்தாய் நடுங்கிப்போனாள். யானையோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா, நான்தான் குடுத்தேன். வெளியில சொல்லிக்க வேணாம்னு இருந்தேன்" என்றார். அப்புறம் அதை வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு விழா வைத்தார்.

பந்தல் போட்டார்கள், மைக் கட்டினார்கள். குடையை வாங்கிப்போய் "உபயம்: திருவேங்கடம்" என்று வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். ஒரு பூகூட மிஞ்சவில்லை. போட்டோவுக்காக யானை அந்தக் குடையைப் பொன்னுத்தாயிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குனிம்மா. முகத்துல நன்றியே தெரியலையே" என்றார் கீரி.

அவள் கொட்டகையில் ஷீட் அடிக்கிற சத்தம் பந்தல் வரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே பொன்னுத்தாய் நன்றாகக் குனிந்தாள். தன் குடையைத் தானே கைநீட்டி வாங்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆங், இப்ப சரி!" என்று போட்டோ எடுத்தார்கள்.

நீதி: இல்லாதப்பட்டவர்கள் ஆசைப்பட்டு எதையாவது வாங்கினால், முதலில் பில்லைக் கிழித்துப் போடவும். பிறகு வசதியான ஆளாகப் பார்த்து ஒரு கும்பிடு போடவும்.