எட்டு நேராகத்தான் தெரிந்தது

அளந்து பார்த்துவிட்டால் தப்பு நடக்காது என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பியவன் நான். திருவொற்றியூரில் ஒரு போல்ட் கம்பெனியில் தரம் பார்ப்பதுதான் என் வேலை. மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு கூடினாலும் போல்ட்டைத் தூக்கி ஓரமாக வைப்பேன். வீட்டிலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் டைரியில் குறிப்பு உண்டு. (குக்கர் கேஸ்கெட் மாற்றிய தேதி உள்பட.) அந்த டைரியோடு நான் என் மனைவியின் ஒரு வருட உழைப்பைக் கிட்டத்தட்ட நாசமாக்கினேன்.

என் மனைவி கலா நெட்டுக்குப்பத்துப் பெண். கன்டெய்னர் யார்டு ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அலுவலகம் மூலமாகத் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் சேர்ந்தவள், ஒரே வருடத்தில் ஐம்பது மீட்டர் ரைபிளில் நன்றாகத் தேறிவிட்டாள். மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து நான்கு பெண்களை அனுப்புவார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவள் முதல்முறையாகத் தனக்கென்று ஆசைப்பட்ட விஷயம் அது.

ஐம்பது மீட்டரில் கறுப்பு வட்டத்துக்குள் விழும் சின்ன ஓட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஸ்டாண்டில் நிற்கும் சின்னத் தொலைநோக்கி வேண்டும். அதில் பார்த்து, குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் துப்பாக்கியின் குறியைத் திருக வேண்டும்.

"விலை கம்மியா வாங்குங்க, பரவால்ல. ஆனா படம் நேரா தெரியணும்" என்றார் கோச் லாரன்ஸ்.

'படம் நேராக' என்று டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஒரு வாரம் ஆராய்ந்தேன். லென்ஸ் அகலம், எடை, ஸ்டாண்டின் உயரம் என்று பதினான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை தயாரானது. கடைசியில் ராயபுரத்தில், கப்பலிலிருந்து கழித்த சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். மேலே வளைந்த கண்குழலோடு நீளமாக ஒன்று நின்றிருந்தது.

"இத்த எடுத்துக்கோ நைனா. நிலாவுல கீற பள்ளமே தெரியும்" என்றார் கடைக்காரர்.

"நிலா வேணாம்ணே. அம்பது மீட்டர்ல ஒரு ஓட்டை தெரியணும்."

"நிலாவுல பள்ளம் தெரியுது, பேப்பர்ல ஓட்டை தெரியாதா? இன்னா பேசற நீ!"

தர்க்கம் சரியாக இருந்ததால் வாங்கிவிட்டேன்.

சோதிக்காமல் கொடுப்பவனா நான்? எங்கள் மொட்டைமாடியிலிருந்து எதிர்வரிசை மூர்த்தி வீட்டுத் தண்ணீர் டேங்க் வரை தெருவில் டேப் பிடித்து அளந்தேன். நாற்பத்தொன்பது மீட்டர் அறுபது சென்டிமீட்டர். மீதி நாற்பதுக்காக முதுகு சுவரில் இடிக்கும் வரை ஸ்டாண்டைப் பின்னால் நகர்த்தினேன். வளையங்களில் எண் அச்சிட்ட கிளப் இலக்குத் தாளின் நட்டநடு மையத்தில் காம்பஸ் முனையால் ஓட்டை போட்டு (கோணலாகப் போடுவது என் சுபாவத்தில் இல்லை) அந்த டேங்கில் ஒட்டியிருந்தேன்.

"இன்னா சார், டேங்க்ல ஓட்டை கீதா?" என்று கீழேயிருந்து கத்தினார் மூர்த்தி.

"நடுவுல ஒண்ணு கீது!" என்றேன் உற்சாகமாக. மனிதர் பதறிப்போய் மாடியேறி வந்துவிட்டார்.

அன்றைய டைரிக் குறிப்பு: 'ஓட்டை தெளிவு. துறைமுகக் கிரேன் தலைகீழாக இல்லை. படம் நேர். எண் 8 தெளிவு. மற்ற எண்கள் மங்கல், காற்றில் தூசி.'

தேர்வு நாள் காலை. கணக்கில் வராத பழகு குண்டுகளுக்குப் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் மட்டும் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஸ்கோப்பில் பார்த்துச் சொல்லலாம். வழக்கமாக லாரன்ஸ் சார்தான் தன் ஸ்கோப்பில் எல்லோருக்கும் சொல்வார். அன்றுதான் புது ஸ்கோப்புக்கு முதல் நாள்; கலாவுக்கு நான் என்று பெருமையாகக் கேட்டு வாங்கியிருந்தேன். கலா குப்புறப் படுத்து முதல் குண்டைச் சுட்டாள்.

"பீச்சாங்கை பக்கம். எட்டு" என்றேன். (நட்டநடு பத்து, வெளியே போகப் போக எண் குறையும்.) எங்கள் வீட்டில் இடது வலது கிடையாது, சோத்தாங்கை, பீச்சாங்கைதான்.

குறியின் திருகாணியை வலப்பக்கமாக ஆறு கிளிக் திருகினாள். நான் டைரியில் எழுதினேன். அடுத்த குண்டு.

"இன்னும் பீச்சாங்கை பக்கம். ஆறு."

எட்டு கிளிக். எழுதினேன்.

"கலா... மூணு. பீச்சாங்கைதான்."

"யோவ், நல்லா பாத்து சொல்லு!"

"நல்லாதாம்மா பாக்கறேன்."

பத்து கிளிக். அடுத்த குண்டு வளையங்களையே தாண்டி வெள்ளைத் தாளில் போய் விழுந்தது. அதுவும் பீச்சாங்கை பக்கம்தான் என்று முனகினேன்.

"நான் சோத்தாங்கை பக்கம் தள்ளிகினே கீறேன், அது பீச்சாங்கை பக்கம் ஓடிகினே கீது. இன்னாயா பேஜாரு இது!" கலாவின் குரல் உடைந்தது. பக்கத்து மேடையில் சுட்டவள் திரும்பிப் பார்த்தாள். பழகு நேரத்தில் ஐந்து நிமிடம் மீதி. அதையும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

கலா துப்பாக்கியை இறக்கிவிட்டு ஸ்கோப்பையே முறைத்தாள். பிறகு, "இப்ப வேணும்னே தாளோட சோத்தாங்கை மூலைல சுடறேன். எங்க விழுதுன்னு பாரு" என்றாள்.

சுட்டாள். பார்த்தேன். இன்னொரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"பீச்சாங்கை மூலை."

"அடப்பாவி மனுசா! ஸ்கோப்பா வாங்கினு வந்த? மூஞ்சி பாக்கற கண்ணாடி வாங்கினு வந்துகீற!"

அது வானம் பார்க்கிற தொலைநோக்கி. வளைந்த கண்குழலுக்குள் ஒரு கண்ணாடி. படம் தலைகீழாகாது, இடமும் வலமும் மட்டும் மாறிவிடும். நிலாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நட்டநடுவில் போட்ட ஓட்டை எப்படித் திருப்பினாலும் நடுவில்தான் இருக்கும். எட்டைக் கண்ணாடியில் காட்டினாலும் எட்டுதான். மங்கலாகத் தெரிந்த மற்ற எண்களெல்லாம் திரும்பி நின்றுகொண்டு என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கின்றன. நான் தூசி என்று எழுதிவைத்தேன்.

"இதுவரிக்கும் எத்தினி கிளிக்கு?" என்று கேட்டாள் கலா.

என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் பக்கம் புரட்டியதில்லை. "ஆறு, எட்டு, பத்து. மொத்தம் இருபத்து நாலு."

"அத்த அப்படியே திருப்பறேன். மொத குண்டே சோத்தாங்கை பக்கம் போயிருக்கு, அதுக்கு இன்னொரு ஆறு." முப்பது கிளிக் இடப்பக்கமாகத் திருகினாள். மணி அடிக்க அரை நிமிடம் இருந்தபோது சுட்டாள்.

"நடுவுல!" என்று நான் கத்தியதில் நடுவர் விரலை உதட்டில் வைத்தார்.

இனி அவளே பார்க்க வேண்டும். ஒரு துண்டு வெள்ளை டேப் கேட்டாள். கண்குழலுக்குக் கீழே ஒட்டி, இடது ஓரத்தில் 'சோ' என்றும் வலது ஓரத்தில் 'பீ' என்றும் பேனாவால் எழுதிக்கொண்டாள். அறுபது குண்டுகள். நான் பின்வரிசைக்குப் போய் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதாக வந்தவளைவிட ஒரே ஒரு புள்ளி கூட எடுத்து நான்காவதாக வந்தாள். லாரன்ஸ் சார் அந்த டேப்பைப் படித்துவிட்டு வெகுநேரம் எங்கள் முகத்தைப் பார்க்காமலே சிரித்தார்.

மாநிலப் போட்டிக்குச் சரியான ஸ்கோப் வாங்கினோம். இந்த முறை கலா தேர்ந்தெடுத்தாள். கடையில் பெட்டியைப் பிரித்ததும் எதிர்க்கடை பெயர்ப் பலகையை அதில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பத்து நொடி. அட்டவணை இல்லை. பழையது இப்போது மொட்டைமாடியில் நிலா பார்க்கிறது, டேப்போடு.

அதன் பிறகு நான் யாருக்கும் நிம்மதியாக வழி சொன்னதில்லை. போன வாரம் எண்ணூர் போகும் வழியில் ஆட்டோக்காரரிடம், "சோத்தாங்கை பக்கம் திருப்புங்கண்ணே" என்றேன்.

பின்சீட்டில் என் பக்கத்திலிருந்து கலா குனிந்து கேட்டாள்:

"கண்ணால பாத்து சொல்றியா, ஸ்கோப்புல பாத்து சொல்றியா?"