வடக்கு பார்த்த முறுக்கு

லேத்துப் பட்டறை நந்தகுமார் படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ஏனுங்க சார், முறுக்கு அச்சுக்குள்ள போடற வில்லைதானுங்க கேட்டீங்க?”

“ஆமா.”

“இதுல வடக்குன்னு அம்புக்குறி போட்டிருக்குதுங்களே?”

“வடக்கு போடாம ஒரு படமா?” என்றார் கருப்பண்ணன்.

கருப்பண்ணன் போன மாதம்தான் ஓய்வு பெற்ற சர்வேயர். சங்ககிரியைச் சுற்றி அவர் அளக்காத காடு தோட்டம் கிடையாது. பங்காளிகள் இருவர் அரிவாளோடு நின்ற இடத்தில்கூட அவர் கல் நட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்பேர்ப்பட்டவர் வரைந்த வில்லைக்கு நான்கெல்லை இல்லாமல் போகுமா? கிழக்கே மிக்சி, மேற்கே எண்ணெய் டின், தெற்கே அஞ்சறைப்பெட்டி, வடக்கே சுவர் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

“அச்சையே கொண்டாந்துருங்க சார். நானே அளந்துக்கறேன்.”

“அது எம்பட மாமியா குடுத்த பித்தளை அச்சு. ஊட்டுக்காரி அதை வாசப்படி தாண்ட உடமாட்டா. அதுமில்லாம, சர்வேயர் ஊட்டுப் பொருளை இன்னொருத்தர் அளந்தா ஊருல என்ன பேசுவாங்க?”

நந்தகுமார் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மகள் சௌமியாவுக்கு அயோத்தியாப்பட்டணத்தில் வளைகாப்பு. “அம்மா, அந்த அச்சுல புழிஞ்ச முறுக்குதான் வேணும். கடை முறுக்கு கொண்டாந்தீங்கன்னா தொடக்கூட மாட்டேன்” என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து வில்லையைக் காணோம். உண்ணாமலை வெறும் அச்சைத் தூக்கிக்கொண்டு புருஷனிடம் வந்து நின்றாள்.

“ஏனுங்க, கடை வில்லை எதுவும் இதுக்குச் சேராதுங்க. நீங்கதான் அளவெடுத்து எங்கயாச்சும் செஞ்சு கொண்டாரோணும்.”

‘நீங்கதான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஓய்வு பெற்றதிலிருந்து கருப்பண்ணன் சும்மா இருக்கவில்லைதான். மசாலா டப்பாக்களுக்கு எண் போட்டார். ஃப்ரிட்ஜில் தயிருக்கும் மோருக்கும் நடுவே சுண்ணாம்புக் கட்டியால் எல்லை கிழித்தார். புளிப் பானை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அதைப் பரண் மேல் ஏற்றினார். ஆனால் இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. காலையில் பக்கத்து வீட்டுக் காத்தான் சாப்பாட்டுக் கேரியரோடு வேலைக்குக் கிளம்புவதை வாசல் கேட்டருகே நின்று பார்ப்பார். மனசு கனத்துப்போகும். இப்போது ஒரு வில்லை அவரை மறுபடியும் சர்வேயர் ஆக்கியிருந்தது. இதையும் சொதப்பினால் அப்புறம் இந்த வீட்டில் அவரை யார் எதற்குக் கேட்பார்கள்?

மறுநாள் நந்தகுமார் வில்லையை நீட்டினார். இரண்டு கையால் வாங்க வேண்டியிருந்தது.

“என்னப்பா இது?”

“நீங்க போட்ட அளவுதானுங்க. கல்யாண மண்டபத்துல புழியற பெரிய முறுக்காட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க.”

நிலம் என்றால் எல்லையைச் சுற்றி வந்து அளப்பது கருப்பண்ணனுக்குக் கையோடு ஊறிய பழக்கம். தையல் டேப்பை அச்சைச் சுற்றி ஓட்டி, வந்த அளவை வட்டத்தின் பக்கத்தில் எழுதிவிட்டார். அதை நந்தகுமார் குறுக்களவு என்று எடுத்துக்கொண்டார்.

உண்ணாமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஓட்டை ஓட்டையா இருக்குதுங்க. இடியாப்பத் தட்டா வெச்சுக்கலாம்” என்றாள். கோபமே இல்லை. கருப்பண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. அன்றைக்கே இரண்டாவது படம் தயாரானது.

இந்த முறை அச்சின் உள்வாயைக் குறுக்கே அளந்தார். சரியாகத்தான் அளந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அச்சின் சுவர் அவர் கண்ணுக்கு வரப்பாகத் தெரிந்தது. வரப்பில் பாதி நமக்கு, பாதி பக்கத்துக் காட்டுக்காரருக்கு. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் கோட்டை வரப்பின் நடுவில்தான் போட்டிருக்கிறார். ஆகவே சுவரின் கனத்தில் பாதியை இரண்டு பக்கமும் சேர்த்து எழுதினார்.

வில்லை வந்தது. பளபளவென்று இருந்தது. அச்சுக்குள் இறங்கத்தான் இல்லை.

உண்ணாமலை பக்கத்து வீட்டு ராமாயியிடம் பேசப் போயிருந்த சமயம், கருப்பண்ணன் சுத்தியலை எடுத்தார். ஒரு தட்டு தட்டியதும் கொஞ்சம் இறங்கியது. இன்னொரு தட்டில் பாதி இறங்கியது. அடுத்த தட்டில் ஒருக்களித்துக்கொண்டு அப்படியே சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

மாமியார் குடுத்த அச்சு! அச்சைக் காய்கறிப் பைக்குள் போட்டு, மேலே கொத்தமல்லிக் கட்டை வைத்து மூடி, டிவிஎஸ்ஸில் பட்டறைக்குப் பறந்தார்.

நந்தகுமார் அச்சைச் சூடேற்றி, தட்டி, நெம்பி வில்லையை வெளியே எடுத்தார். அச்சு உடையவில்லை. ஆனால் அதன் வாய் நாமக்கல் முட்டையாட்டம் நீண்டிருந்தது.

“இனி வட்டமா வில்லை போட்டா ஆகாதுங்க சார். ஓட்டை வழியா வராம மாவு ஓரத்துல பிதுங்கிரும்.”

கருப்பண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் வளைகாப்பு. சௌமியாவின் முகம் கண் முன்னே வந்தது. சட்டென்று எழுந்தார்.

“நந்தகுமாரு, அந்த வெர்னியரைக் குடு. வடக்கு தெக்கா ஒரு அளவு, கெழக்கு மேக்கா ஒரு அளவு!”

வரப்பு கிரப்பு எதுவும் சேர்க்காமல் உள்ளளவை மட்டும் எடுத்து, படம் போட்டு, அம்புக்குறியும் வைத்தார். நந்தகுமார் வில்லையை அரத்தால் அந்த முட்டை வடிவத்துக்குத் தேய்த்து, வில்லையிலும் அச்சிலும் ஒவ்வொரு அம்பு வெட்டிக் கொடுத்தார். அம்போடு அம்பு சேர்ந்ததும் வில்லை நச்சென்று உட்கார்ந்தது.

“பாத்தியா, வடக்கு எதுக்குன்னு கேட்டயே!” என்றார் கருப்பண்ணன்.

வீட்டுக்கு வந்து உண்ணாமலையிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அச்சின் வாயை விரலால் தடவிப் பார்த்தாள் அவள். அவள் அம்மாவையும் தன் அம்மாவையும் சேர்த்து இழுத்து ஒரு பாட்டு விழும் என்று கருப்பண்ணன் காத்து நின்றார்.

“பரவாயில்லீங்க. புள்ளைக்கு முறுக்கு ஆச்சுதுன்னாப் போதும்” என்றாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இத்தனை பொறுமைசாலியா நம் வீட்டுக்காரி! முறுக்கு வெந்து வர வர, கருப்பண்ணன் எண்ணெய்ச் சட்டியைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தார். இழை இழையாக, மொறுமொறுவென்று விழுந்தது முறுக்கு. சௌமியாவுக்குப் போட்டோ அனுப்பினார். “அப்பா, நீங்க செஞ்ச வில்லையா! சூப்பருப்பா!” என்று உடனே பதில் வந்தது. அதை உண்ணாமலைக்குப் படித்துக் காட்டிவிட்டு, இன்னொரு தரம் தனக்காகவும் படித்துக்கொண்டார்.

முறுக்கு டின்களைக் கட்டக் கயிறு எடுக்கப் போனவர், திரும்பும்போது சமையலறைக் கதவோரம் நின்றார். கொல்லைப் பக்கமாக ராமாயி வந்திருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த பழைய பித்தளை வில்லையை அவிழ்த்து உண்ணாமலையின் கையில் வைத்தாள்.

“இந்தாங்கக்கா, எங்கூட்டு அரிசிப் பானைக்குள்ள பத்தரமா வெச்சிருந்தேன், அடுத்த மாசம் எங்கூட்டுக்காரரும் ரிட்டயர்டு ஆவறாருங்க, அவருக்கு எதை ஒளிச்சு வெக்கலாம்னு நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க.”