கரையேறிய கழுதை

"யாரும் சாகாத நாவல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் தமிழாசிரியர்.

"சமையல் புத்தகம் இருக்கு சார். ஆனா அதுலயும் கோழி சாகுது," என்றார் பள்ளி நூலகர்.

ஏழாம் வகுப்புக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட, மனதைத் தொடும் நாவல் ஒன்று வேண்டும். ஆனால் வாசிப்பவரின் மனதை மட்டும் அது தொட்டுவிடக் கூடாது. போன நாவலில் ஒரு தபால்காரர் இறந்தபோது தமிழாசிரியர் தேம்பித் தேம்பி அழுது, வகுப்பே அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவருக்குக் 'குழாய் சார்' என்று பெயர்.

தலைமையாசிரியை கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை அழுதீங்கன்னா வாசிப்புப் பீரியடைத் தூக்கிக் கணக்குக்குக் குடுத்துடுவேன்."

வாரம் முழுக்க இலக்கணத்தோடு மல்லுக்கட்டும் மனிதருக்கு அந்த ஒரு பீரியட்தான் உயிர்.

அட்டையில் கழுதை சிரிக்கும் நாவல் ஒன்று அகப்பட்டது. முதல் அத்தியாயத்தில் படகோட்டியின் மகள் கழுதையோடு விளையாடினாள். கடைசிப் பக்கத்தில் அவள் சிரித்தாள். நடுவில் அப்படி என்ன ஆகிவிடப்போகிறது என்று தைரியமாக எடுத்துக்கொண்டார்.

நடுவில் வெள்ளம் வந்தது. பக்கத்தைத் திருப்பினால் கழுதை செத்துக் கிடந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "கழுதை நீந்திக் கரையேறியது," என்று வாசித்துவிட்டார். வகுப்பு கைதட்டியது.

மறுநாள் புத்தகத்தில் ஊரே சேர்ந்து குழி தோண்டியது.

"எதுக்கு சார் குழி?" என்றாள் ஒருத்தி.

"கிணறு வெட்றாங்கம்மா."

"அந்தப் பொண்ணு ஏன் சார் சாப்பிட மாட்டேங்குறா?"

"பல்வலி."

"கழுதை எங்க சார்?"

"மண்ணு சுமக்கப் போயிருக்கு."

அதன்பிறகு தப்பிக்க வழியில்லை. புத்தகத்தில் இல்லாத கழுதையைப் பக்கத்துக்குப் பக்கம் நடமாடவிட வேண்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து அதற்கு அன்றாடம் வேலை தேடினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுக்கு இனிமே கல்யாணம் ஒண்ணுதான் பாக்கி."

அடுத்த பீரியடில் அதுவும் நடந்தது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாவல் முடிந்த கையோடு தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து அறிவித்தார். "இந்த நாவல்ல உங்களுக்குத் தேர்வு. கேள்வித்தாளை நானே போட்டுட்டேன்."

வகுப்பு மொத்தமும் கழுதைக்குக் கல்யாணம் ஆனதாக எழுதிவிட்டு முட்டை வாங்கப்போகிறது. தன் அழுகையை மறைக்கப்போய்ப் பிள்ளைகளின் மார்க்கில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தமிழாசிரியருக்கு மனசு அடித்துக்கொண்டது. பீரியட் போனாலும் போகட்டும் என்று தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், பிள்ளைங்க மேல தப்பில்ல. நான்தான் பொய்யா வாசிச்சேன். கழுதை கரையேறவே இல்ல. வெள்ளத்துலயே செத்துப்போச்சு."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். உதடு துடித்தது. அப்படியே மேசைமேல் கவிழ்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். தமிழாசிரியர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"செத்துப்போச்சா... நான் புத்தகத்தைத் தொடவே இல்ல சார். தினமும் உங்க ஜன்னலுக்கு வெளியே நின்னு கேட்டதை வெச்சுத்தானே கேள்வித்தாளே போட்டேன்."