மூன்று படிக்கு ஒரு கைப்பிடி

ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் ஆட்கள் வந்துசேர வழி காட்டுவதுதான் என் தொழில். ஆனால் என் மனைவி கலைவாணி என்னிடம் மட்டும் வழி கேட்க மாட்டாள். பக்கத்துத் தெருவுக்குப் போவதானாலும் ஆட்டோக்காரரைத்தான் கேட்பாள். "உன்ன நம்பிப் போனா முட்டி தேஞ்சிடும்" என்பாள். இதற்குப் பின்னால் இருக்கும் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இருந்தாலும் குற்றவாளியின் வாக்குமூலம் என்று ஒன்று வேண்டுமல்லவா.

சென்னையில் ஒரு கம்பெனியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு நான் செஞ்சிக்குத் திரும்பிய புதிது. (கற்றுக்கொண்டேன் என்பது அவர்கள் கொடுத்த சான்றிதழ் சொன்னது.) பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ரூம் எடுத்து, கடை கடையாக ஏறி இறங்கினேன். யாராவது போனில் 'பக்கத்தில் நல்ல கடை' என்று தேடினால் உங்கள் பெயர் முதலில் வர வேண்டும், மேப்பில் உங்கள் கடை தெரிய வேண்டும், அதற்கு நான் பொறுப்பு என்று பிரசங்கம் செய்வேன். பஞ்சர் கடைக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டிய தள்ளிக்கினு வர்றவன் மொதல்ல கண்ணுல பட்ட கடைலதான் நிப்பான். அவன் இன்னா நின்னு போன்ல தேடிக்கினு இருப்பானா?" என்றார். அதற்குப் பதில் என் பாடத்திட்டத்தில் இல்லை.

என்னை நம்பிய முதல் ஆள் கோதண்டம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் வைத்திருந்தார். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் கடை. ஒரே மகளின் பெயரைத்தான் கடைக்கும் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் சமையலுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கல்யாணம் என்றால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "பெரியவங்க பாத்ததா, லவ்வா?" லவ் என்றால் கரண்டியைத் தொட மாட்டார். பெற்றவனைக் கேட்காமல் நடக்கிற கல்யாணத்துக்குச் சமைத்தால் உப்பு சரியாக நிற்காது என்பது அவர் சித்தாந்தம்.

நான் அந்த மெஸ்ஸில் தினமும் மதியம் சாப்பிட்டேன். கல்லாவில் கலைவாணி உட்கார்ந்திருப்பாள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க நைனாவ அண்ணே அண்ணேன்னு கூப்பிடறத மொதல்ல நிறுத்து. மொறப்படி நான் உனக்கு மக ஆவறேன்" என்றாள். மறுநாள் முதல் நான் அவரை எந்த முறையும் சொல்லாமல், "ஒரு ரசம்" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன்.

அவருடைய சித்தாந்தம் தெரிந்த பிறகு எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. என் சித்தி முறை ஒருத்தர் மூலமாக என் ஜாதகம் தற்செயலாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. (அந்தத் தற்செயலுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.) கோதண்டத்துக்கு ஆச்சரியம். "அட, நம்ம மேப் தம்பியா?" என்றாராம். பொருத்தமும் இருந்தது. ஆனால் என் வேலைதான் இடித்தது. "பையன் நல்ல பையன்தான். ஆனா மாப்ள இன்னா வேல செய்றாருன்னு நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" என்று சித்தியிடம் கேட்டிருக்கிறார்.

சரி, என் வேலை என்னவென்று அவர் மெஸ்ஸிலேயே காட்டிவிடுவது என்று கிளம்பினேன். மெஸ்ஸை மேப்பில் சேர்க்க அவர் சம்மதித்தார். அதற்குக் கடை போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பர் வேண்டும். டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி கலைவாணி அந்தப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்குப் போனோம். செஞ்சிக்காரர்கள் கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்களே தவிர ஏறுவதில்லை. அதனால் தெரிந்தவர் கண்ணில் படாமல் பேச அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

உச்சியில் போய் உட்கார்ந்தால், சந்துக்குள் ஒரு கோடுகூடக் காட்டாத சிக்னல் அங்கே முழுதாக நிற்கிறது. பெயர், நேரம், சாம்பார் சாதப் படம் எல்லாவற்றையும் மளமளவென்று ஏற்றினேன். கடை எங்கே இருக்கிறது என்று கேட்டது. 'தற்போதைய இடம்' என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையெல்லாம் யார் யோசித்தது.

கொஞ்ச நாளில் அமோக வெற்றி. கடைக்கு வழி கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. போனைக் கொண்டுபோய்க் கோதண்டத்திடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்ளோ பேர் வழி கேட்டாங்களா?"

"ஆமாங்க."

"அவங்கல்லாம் எங்க போனாங்க?"

"வருவாங்க. மொதல்ல கேப்பாங்க, அப்புறம் வருவாங்க."

ரிவ்யூக்களும் வந்தன. எல்லாம் நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார். 'அருமையான காற்று' என்று ஒருவர் எழுதியிருந்தார். மெஸ்ஸுக்குப் புதிதாக ஃபேன் வாங்கியிருந்தார்கள், பொருந்திப் போனது. 'குரங்குகள் ஜாக்கிரதை' என்றார் இன்னொருவர். செஞ்சியில் குரங்கு இல்லாத இடம் எது. 'இங்கிருந்து பார்த்தால் ஊரே தெரிகிறது' என்று ஒரு பெண் உருகியிருந்தார். மெஸ்ஸிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் சிமெண்ட் குடோன் சுவர்தான் தெரியும். ரசனை உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கோதண்டத்துக்கு ஒரே ஒரு குறை. "சாப்பாட்ட பத்தி ஒருத்தர்கூட எழுதலையேப்பா?"

"நல்லா இருந்தா எழுத மாட்டாங்க. குறை இருந்தாத்தான் எழுதுவாங்க" என்றேன், துறை வல்லுநரின் குரலில்.

பெரும்பாலான ரிவ்யூக்களில் ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 'ஏறுவது சிரமம்.' 'வயதானவர்கள் யோசித்துப் போகவும்.' 'படிகள் மூச்சு வாங்க வைக்கின்றன.' நான் மெஸ் வாசலில் நின்று அந்த மூன்று படிகளையும் நீண்ட நேரம் பார்த்தேன். வாடிக்கையாளர் சொல்வதைக் கேள் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். "படி ஏற ஜனங்க கஷ்டப்படறாங்க. ஒரு கைப்பிடி வச்சா நல்லாருக்கும்" என்று சொன்னேன். அந்த நல்ல மனிதர் மறுபேச்சுப் பேசாமல் வெல்டிங் கடைக்காரரை வரவழைத்து, மூன்று படிக்கும் கனமான இரும்புக் கைப்பிடி போட்டு, பச்சைப் பெயின்ட்டும் அடித்தார். அவ்வளவு அக்கறையான பையன் வேறு எங்கே கிடைப்பான் என்று நிச்சயத்துக்கும் நாள் குறித்தார்.

நிச்சயதார்த்தம் மெஸ்ஸிலேயே. கடைக்கு லீவு விட்டு, பெஞ்சுகளை ஒதுக்கி, கேசரியும் பொங்கலும் தானே செய்தார். நான் எல்லோருக்கும் பெருமையாக மேப் லிங்க்கை அனுப்பிவிட்டேன். பக்கத்திலேயே இருக்கும் அனந்தபுரத்திலிருந்து வந்த எங்கள் வீட்டார் லிங்க்கைத் திறக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார்கள். லிங்க்கை நம்பி வந்தது ஒரே ஒரு வேன். அம்பத்தூரிலிருந்து என் தாய்மாமன் வரதனும் அத்தையும். சீர்த்தட்டு அவர்களிடம். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் கையால்தான் தட்டு மாற்ற வேண்டும்.

நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தட்டைக் காணோம். பெண் வீட்டார் வாசலை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "மாமா வழி தப்ப சான்ஸே இல்ல, நம்ம மேப் இருக்குது" என்று சபைக்கு அறிவித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். (என் வாழ்க்கையில் நான் அமுக்கிய இரண்டாவது மோசமான பட்டன் அது.)

"எங்க மாமா இருக்கீங்க?"

"வந்துட்டோம்டா. டிக்கெட் வாங்கிட்டு ஏறிட்டிருக்கோம்." மூச்சு இரைத்தது. "நிச்சயத்துக்கே டிக்கெட் போட்டு இடம் புடிச்சிருக்காங்களே, பெரிய கைதான் போல."

"எங்க ஏறிட்டிருக்கீங்க?"

"கீழ பழைய கோட்டை மண்டபம் ஒண்ணுல கல்யாண மகால்னு போர்டு பாத்தேன். அங்கதான்னு நெனச்சேன். ஆனா போன் இன்னும் மேல போ மேல போன்னுது. ஏன்டா, தட்டுல இருந்த வாழப்பழத்த கொரங்கு தூக்கினு போயிடுச்சு. பூவும் பாக்கும் இருக்குது, பரவால்லையா?"

எனக்குக் காற்று, குரங்கு, ஊரே தெரிகிறது, மூச்சு வாங்குகிறது எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மலையுச்சிக்குப் போன ஒவ்வொருவரிடமும், 'கலைவாணி மெஸ் எப்படி இருந்தது?' என்று அவர்கள் போனே கேட்டிருக்கிறது. அவர்களும் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். கலைவாணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஏனென்றால் அவளுக்கும் விளங்கிவிட்டது, மெஸ் மலைக்குப் போனது எப்போது என்று.

நான் பைக்கை எடுத்தேன். "இரு, நானும் வரேன்" என்று கோதண்டம் பின்னால் ஏறிக்கொண்டார்.

கோட்டை வாசலில் அவரே டிக்கெட் வாங்கினார். "என் கடைக்குப் போக எனக்கே டிக்கெட்டு" என்று முணுமுணுத்தார். வாசலில் நின்ற காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு, "நீங்களும் மெஸ்ஸுக்கா? மேல சோறு கெடைக்காதுங்க. தெனம் வந்து கேக்கறாங்க, சொன்னாலும் நம்ப மாட்றாங்க. போன்ல இருக்குதேன்றாங்க" என்றார். வழி கேட்டவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஏறினேன். அவர் ஒரு படி பின்னால் வந்தார். கொஞ்ச தூரம் ஏறினோம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"கடை எப்படிப்பா மலைக்கு வந்துச்சு?"

"நாம நிக்கிற எடத்த குறிச்சிக்கிற பட்டன் ஒண்ணு இருக்குது மாமா." முதல் தடவையாக மாமா என்று சொன்னேன். பயம் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

"அப்ப அன்னிக்கி நீ மேல நின்னுருக்க."

"ஆமா மாமா. சிக்னலுக்காக."

இன்னும் நாலைந்து படி ஏறினார். "நம்பர் கடை போனுக்குத்தான வரும்னு சொன்ன?"

"ஆமா."

"கடை போன டிஸ்ப்ளே மாத்தணும்னு கலைதான எடுத்துனு போனா?"

ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் முடிந்தது, மெஸ் சாப்பாடும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு பட்டனுக்காகக் கலைவாணியை இழக்கப்போகிறேனே என்று அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

"மெஸ்ஸ மட்டும் நீ மல மேல கூட்டினு போகல" என்றார் கோதண்டம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். உச்சியை அண்ணாந்து பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "மேல வரிக்கும் ஏறினாளா?"

"ஏறினா."

"முழுசா?"

"எனக்கு முன்னாடியே ஏறிட்டா மாமா."

"எதிர்ல இருக்கிற ரேஷன் கடைக்குப் போயிட்டு வாம்மான்னா, முட்டி வலிக்குது நைனான்றா" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்தார். துண்டுக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள், மேலே மெஸ் எதுவும் இல்லை என்று யாரோ சொல்லிக் கீழ்நோக்கித் திரும்பி வந்த வரதன் மாமாவும் அத்தையும் எங்களைப் பார்த்துவிட்டார்கள். தட்டில் பூவும் பாக்கும் மட்டும் இருந்தன. கோதண்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நேரம் முடியப் போகுது. கீழ போறதுக்குள்ள கேசரியும் ஆறிடும். இங்கியே மாத்திக்கலாம்" என்றார். ராஜகிரியின் நடுப்படியில், காணாமல்போன வாழைப்பழத்துக்குச் சாட்சியாக இரண்டு குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க, என் தாய்மாமன் தட்டை நீட்ட, அவர் வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கும் அவரேதான் சமைத்தார். உப்பு சரியாக நின்றது.

அன்றைக்கே மெஸ்ஸை மலையிலிருந்து இறக்கிவிட்டேன். ரிவ்யூக்கள் மட்டும் இறங்கவில்லை. வரதன் மாமா தன் பங்குக்கு, 'சம்பந்தம் நல்ல சம்பந்தம், வாழைப்பழம் மட்டும் கையில் எடுத்துப் போகாதீர்கள்' என்று எழுதி, எத்தனை கெஞ்சியும் எடுக்க மறுக்கிறார். என் மாமனார் இன்றைக்கும் கல்யாண ஆர்டர் எடுக்கும்போது பெரியவர்கள் பார்த்ததா லவ்வா என்றுதான் கேட்கிறார். லவ் என்றால் இப்போது இன்னொரு கேள்வியும் உண்டு. "மல ஏறினாங்களா?"

அன்றைக்கு ஏறியதில் அவருடைய வலது முட்டி போய்விட்டது. மெஸ்ஸுக்குப் புதிதாக வருபவர்கள், மூன்று படிக்கு எதற்கு இவ்வளவு பெரிய கைப்பிடி என்று சிரிப்பார்கள். அந்தப் பச்சைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிற ஒரே ஆள் அவர்தான். ஏறி முடித்துத் திரும்பி நின்று சொல்வார், "எனக்கு முட்டி வலி வரும்னு மாப்ள முன்னாடியே யோசிச்சிப் போட்டதுபா."